தறிக்குழிக்கு என்ன வாடகை?

ஞாயிற்றுக்கிழமை காலையில் போன். அண்ணன்.

"டேய், தறியை எடுத்துடலாம்னு இருக்கோம். முன்கூடத்தை ஒரு மொபைல் கடைக்காரர் கேக்கறார். நல்ல வாடகை. நீ பி.காம் படிச்சவன், வந்து ஒரு கணக்குப் போட்டுச் சொல்லிட்டுப் போ. நான் சொன்னா அப்பாகிட்ட சண்டையில முடியுது."

பி.காம் படித்தவனுக்கு வீட்டில் உள்ள மரியாதை இவ்வளவுதான், ஸார். கல்யாண மொய் கூட்ட வேண்டுமா, எல்.ஐ.சி. பாலிசி முதிர்ந்ததா, கரண்ட் பில் ஏன் ஏறியது என்று பார்க்க வேண்டுமா - கூப்பிடு அவனை! ஆனால் ஒரு குழிக்குக் கணக்குப் போட என்னைக் கூப்பிட்டது அதுதான் முதல் தடவை. அன்று ராத்திரியே கும்பகோணம் பஸ் ஏறிவிட்டேன்.

குழி என்றால் தறிக்குழி. எங்கள் வீடு தாராசுரத்தில் ஒரு நெசவாளர் தெருவில் இருக்கிறது. வாசற்படி ஏறினதும் திண்ணை, அதைத் தாண்டினால் முன்கூடம். மற்ற வீடுகளில் அந்த இடத்தில் சோபா கிடக்கும். எங்கள் வீட்டில் தரையில் இடுப்பளவு பள்ளம். நெய்கிறவர் தரை மட்டத்தில் உட்கார்ந்து, காலைப் பள்ளத்தில் தொங்கவிட்டு மிதியை மிதிப்பார். புதிதாக வருகிற விருந்தாளி இருட்டில் அதில் காலை விட்டு விழுவது எங்கள் குடும்பத்தில் ஒரு சம்பிரதாயம். என் அண்ணியின் சித்தப்பா பெண் பார்க்கும் வைபவத்தன்றே விழுந்தார். அப்படியும் கல்யாணம் நடந்தது.

தாராசுரம் என்றால் உங்களுக்குக் கோயில்தான் ஞாபகத்துக்கு வரும். கும்பகோணத்திலிருந்து தஞ்சாவூர் போகிற ரோட்டில் மூன்று, நாலு கிலோமீட்டரில் ஐராவதேஸ்வரர் கோயில். இரண்டாம் ராஜராஜ சோழன் 12-ம் நூற்றாண்டில் கட்டியது. மண்டபத்தையே தேராக்கி, கல்லில் சக்கரம் வைத்து, குதிரையைப் பூட்டி ஓடவிட்டிருப்பார்கள். 2004-ல் யுனெஸ்கோக்காரர்கள் உலகப் பாரம்பரியச் சின்னம் என்று அறிவித்ததிலிருந்து டூரிஸ்ட் பஸ்கள் வருகின்றன. கோயிலைப் பார்த்து முடித்தவர்களை ஆட்டோக்காரர்கள் நைஸாக எங்கள் தெருப் பக்கம் தள்ளிக்கொண்டு வருவார்கள். "தறி பாக்கறீங்களா ஸார், ஃப்ரீதான்!"

எங்களுக்குத் தாராசுரம் என்றால் அது காதுக்குள் இருக்கிற ஊர். காலை ஆறு மணிக்கு ஒரு வீட்டில் ஆரம்பிக்கும் 'டடக்... டக்', ஏழு மணிக்குள் தெரு முழுக்கப் பரவிவிடும். சின்ன வயதில் எனக்கு அலாரம் கிடையாது, எதிர்வீட்டுத் தறிதான். அந்தச் சத்தத்தில் படித்துத்தான் பரீட்சை எழுதினேன். சென்னைக்கு வந்த புதிதில் தூக்கம் வராமல் தவித்ததற்குக் கொசு காரணமில்லை, நிசப்தம்தான் காரணம் என்று புரிந்துகொள்ள எனக்கு ஒரு மாதம் ஆயிற்று.

இப்போது போய் இறங்கினபோது மணி ஆறரை. தெருவில் மூன்று தறிச் சத்தம் எண்ணினேன். அதில் ஒன்று எங்கள் வீட்டுடையது.

எங்கள் ஜனங்கள் சௌராஷ்டிரர்கள். வீட்டில் பேசுவது சௌராஷ்டிர பாஷை, கணக்குப் போடுவது தமிழ், சண்டை இரண்டிலும். பட்டுநூல்காரர் என்று பழைய பேர். குஜராத் பக்கத்திலிருந்து கிளம்பி, நடுவில் எங்கெங்கோ தங்கி, விஜயநகர ராஜ்யம் வழியாக வந்து, நாயக்கர் காலத்தில் மதுரையிலும் பிறகு மற்ற ஊர்களிலும் தறி போட்டார்கள் என்பது சரித்திரம். மத்தியப் பிரதேசத்தில் மண்டசோர் என்ற ஊரில் ஒரு கல்வெட்டு இருக்கிறது. கி.பி. 473-ல் வெட்டியது. லாட தேசத்திலிருந்து, அதாவது தென் குஜராத்திலிருந்து, வந்து குடியேறிய பட்டு நெசவாளர் கூட்டம் ஒன்று அங்கே சூரியனுக்குக் கோயில் கட்டி, பிற்பாடு அதை ரிப்பேரும் செய்த விவரம் அதில் இருக்கிறது. அது நம் முன்னோர்தான் என்று எங்கள் பெரியவர்கள் அடித்துச் சொல்வார்கள். எனக்கு அதில் பிடித்த அம்சம் வேறு. கோயில் கட்டுகிற அளவுக்கு அந்தக் காலத்து நெசவாளி கையில் காசு மிஞ்சியிருக்கிறது பாருங்கள்!

2023 ஏப்ரலில் மத்திய அரசு 'சௌராஷ்டிரா - தமிழ் சங்கமம்' என்று ஒரு விழா நடத்தி, தமிழ்நாட்டிலிருந்து ஸ்பெஷல் ரயிலில் எங்கள் ஆட்களை சோமநாத்துக்கு அழைத்துப்போனது. என் மாமா ஒருத்தர் போய்விட்டு வந்தார். "எப்படி இருந்தது மாமா நம்ம பூர்வீகம்?" என்று கேட்டேன். "கோயில் பிரமாதம். கடல் பிரமாதம். குழம்புல சர்க்கரை போடறான்டா" என்றார். பல நூற்றாண்டுப் பிரிவை ஒரு குழம்பில் முடித்துவிட்டார்.

தாராசுரம் கோயிலில் எங்கள் தொழிலுக்கு ஒரு சொந்தம் இருக்கிறது. அடித்தளத்தைச் சுற்றி ஒரு சாண் உயரச் சிற்பங்களாக நாயன்மார் கதைகளைச் செதுக்கியிருக்கிறார்கள். சேக்கிழார் பெரிய புராணம் பாடியது இரண்டாம் ராஜராஜனுடைய அப்பா இரண்டாம் குலோத்துங்கன் காலத்தில். புஸ்தகம் வந்த சூட்டோடு சூடாகப் படக்கதை போட்ட மாதிரி, மகன் கோயிலில் கல்லில் வெட்டிவிட்டார்கள். அந்த 63 பேரில் நேச நாயனார் நெசவாளி. சாலியர். சிவனடியார்களுக்கு உடையும் கோவணமும் நெய்து இலவசமாகக் கொடுத்தே முக்தி அடைந்தவர். அப்பா இதைச் சொல்லிவிட்டுச் சிரிப்பார்: "அவர் கூலியே வாங்காம நெய்தார், நாயனார் ஆனார். நாம கொஞ்சூண்டு கூலி வாங்கிட்டோம் பாரு, அதான் இன்னும் ஆகல."

சரி, கணக்குக்கு வருகிறேன். ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்கிக்கொண்டு முன்கூடத்தில் உட்கார்ந்தேன். அப்பா என்னைப் பார்க்காத மாதிரி நெய்துகொண்டிருந்தார்.

தொழில் எப்படி நடக்கிறது என்பதை முதலில் சொல்லிவிட வேண்டும். கல்யாணத்துக்குப் பட்டுப் புடவை எடுக்கப் போகும் இளைஞர்கள் ஜவுளிக் கடையில் ஏ.சி. காற்றில் தூங்கிவிடுவதால் இதெல்லாம் தெரிந்திருக்க நியாயமில்லை. கச்சாப் பட்டு பெரும்பாலும் கர்நாடகத்திலிருந்து வருகிறது. பட்டுப்பூச்சி கூடு கட்டும்போது நூலின் மேல் ஒரு பசையைப் பூசிவிடுகிறது. சோப்பும் சோடாவும் போட்டுக் கொதிக்கவைத்தால் அந்தப் பசை போய்ப் பளபளப்பு வரும். கூடவே எடையில் ஏறக்குறைய கால்வாசியும் போய்விடும். அப்புறம் சாயம். அப்புறம் சிட்டமாக இருக்கிற நூலைப் பிரித்துச் சுற்ற வேண்டும். நீளவாக்கில் ஓடும் இழைகளுக்குப் பாவு என்று பேர். குறுக்கே போவது ஊடை. விடியற்காலையில் வெயில் ஏறுமுன் தெருவில் பாவை நீளமாக நீட்டிக் கட்டி, இழை இழையாகச் சரிபார்ப்பார்கள். அந்த நேரத்தில் சைக்கிளில் வருகிறவன் இறங்கித் தள்ளிக்கொண்டு போக வேண்டும். தெருவின் எழுதாத சட்டம். நாய்கூட எங்கள் தெருவில் பாவுக்கு அடியில் குனிந்துதான் போகும்.

பழைய பாவு தீர்ந்து புதிய பாவு வரும்போது, பழையதன் முனையோடு புதியதன் முனையை ஒவ்வொன்றாக முறுக்கி இணைக்க வேண்டும். ஆயிரக்கணக்கான இழைகள். விரலில் சாம்பலைத் தொட்டுக்கொண்டு, இரண்டு முனையையும் சேர்த்து ஒரு தேய் தேய்த்தால் ஒட்டிக்கொள்ளும். முடிச்சு கிடையாது. எங்கள் வீட்டில் அம்மாவும் அத்தையும்தான் இதில் எக்ஸ்பர்ட். ஊர் வம்பு முழுவதும் பேசி முடிப்பதற்கும் கடைசி இழை சேர்வதற்கும் சரியாக இருக்கும்.

மேலே பரண் மாதிரி நிற்கிறதே, அதுதான் ஜக்கார்டு. பிரான்ஸில் ஜோசப் மேரி ஜக்கார்டு என்பவர் 1804-ல் உருவாக்கிய சமாசாரம். டிசைனை அட்டையில் ஓட்டைகளாகக் குத்திக் கோத்திருப்பார்கள். ஓட்டை இருந்தால் இந்த இழை தூக்கும், இல்லாவிட்டால் தூக்காது. மாங்காயும் மயிலும் இப்படித்தான் பிறக்கின்றன. இதே ஓட்டை அட்டையைத்தான் ஹாலரித் என்ற அமெரிக்கர் 1890-ல் அந்த நாட்டு ஜனத்தொகைக் கணக்கெடுப்புக்கு உபயோகித்தார். அந்தக் கம்பெனியின் வாரிசுதான் ஐ.பி.எம். ஆகவே கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை பார்க்கும் வாசகர்கள் தாராசுரம் பக்கம் வந்தால் தாத்தா வீட்டுக்கு வந்த மரியாதையோடு நடந்துகொள்ளவும்.

காவிரி டெல்டாவில் தறி போட்டவனுக்குத் தனிக் கஷ்டம் ஒன்று உண்டு. பட்டு இழைக்கு ஈரக்காற்று வேண்டும், அதற்குத்தான் குழி. வறண்டால் இழை அறுந்துகொண்டே இருக்கும். ஆனால் எங்கள் ஊரை ஒட்டி அரசலாறு ஓடுகிறது. வழக்கப்படி ஜூன் 12-ல் மேட்டூர் திறந்து ஆறு நிறைந்து, அப்புறம் ஐப்பசி மழையும் சேர்ந்துகொண்டால் குழிக்குள் ஊற்று எடுக்கும். தண்ணீர் வந்தால் வயல்காரருக்குக் கொண்டாட்டம். அதே தண்ணீரை அப்பா தகர டப்பாவால் மொண்டு வெளியே ஊற்றிக்கொண்டிருப்பார். அட்டைகள் நமுத்துப்போகும், பாவு தொய்யும். தீபாவளிப் புடவைக்கு முதலாளி வீட்டிலிருந்து ஆள் மேல் ஆள் வரும் நேரமும் அதுதான்!

முதலாளி என்றேன் அல்லவா? எங்கள் தெருவில் பட்டும் ஜரிகையும் நெய்கிறவனுடையது அல்ல. முதலாளி வீட்டில் எடை போட்டுக் கொடுப்பார்கள். நெய்து முடித்த புடவையைத் திரும்ப எடை போட்டு வாங்குவார்கள். எடை குறைந்தால் கூலியில் பிடித்தம். அசல் ஜரிகை என்பது பட்டு நூலின் மேல் வெள்ளிச் சரிகையைச் சுற்றித் தங்க முலாம் பூசியது. தங்கமும் வெள்ளியும் இன்று விற்கிற விலையில், ஒரு துண்டு ஜரிகை கீழே விழுந்தாலும் அம்மா விளக்குமாற்றைத் தொடவிட மாட்டாள். புடவை விலை ஏறும். எப்போதெல்லாம் என்றால், பட்டு ஏறும்போது, ஜரிகை ஏறும்போது, கடைக்கு மாடி கட்டும்போது. கூலி மட்டும் கூட்டத்தில் கடைசியாக, மூச்சிரைக்க ஓடி வரும்.

நோட்டில் கோடு போட்டேன். ஒரு சுமாரான டிசைன் புடவைக்குப் பன்னிரண்டு நாள். அப்பா ஒரு நாளைக்கு எட்டு மணி நேரம். 96 மணி.

"அவ்வளவுதானே?" என்றான் அண்ணன்.

"இரு, தார் சுத்தறது யாரு?"

ஊடை நூலைச் சின்னக் குழலில் சுற்றி நாடாவுக்குள் வைக்க வேண்டும். அந்தக் குழலுக்குத் தார் என்று பேர். அம்மா ராட்டையில் சுற்றிக்கொண்டே இருப்பாள். சமையல் நடுவில், டி.வி. சீரியல் நடுவில், சீரியலில் மாமியார் அழும்போதும் கை நிற்காது. நூல் பிரிப்பது, தார் சுற்றுவது எல்லாம் சேர்த்து நாளைக்கு நாலு மணி நேரம் என்று நான் வாட்ச் வைத்துப் பார்த்தேன். 48. அண்ணி ஒரு மணி நேரம் கை கொடுக்கிறாள், 12. பாவுக்குத் தெருவில் ஐந்து பேர், இரண்டு காலை, மும்மூன்று மணி நேரம். 30. ஒரு பாவில் மூன்று புடவை என்பதால் புடவைக்கு 10. இழை சேர்க்க இரண்டு பேருக்கு ஒரு முழு நாள். அதையும் மூன்றால் வகுத்தால் சுமார் 5.

கூட்டினேன். 171 மணி நேரம்.

கூலியை 96-ஆல் வகுத்தால் ஒரு எண் வந்தது. 171-ஆல் வகுத்தால் வேறொரு எண் வந்தது. அந்த இரண்டாவது எண்ணை இங்கே எழுத வேண்டாம் என்று அம்மா சொல்லியிருக்கிறாள். "ஊர்ல தலைகாட்ட முடியாது" என்றாள். ஒரு குறிப்பு மட்டும் தருகிறேன்: எங்கள் தெரு முனையில் வீடு கட்டுகிறார்கள், அங்கே கல் தூக்கும் சித்தாள் வாங்கும் கூலியில் பாதிகூட இல்லை.

ஆடிட்டர் ஆபீசில் நாலு வருஷம் குப்பை கொட்டியிருக்கிறேன், ஸார். நஷ்டக் கணக்கு எனக்குப் புதிதல்ல. ஆனால் நூற்றுக்கு நாற்பத்து நாலு பங்கு உழைப்பைக் கணக்கிலேயே எழுதாமல் ஒரு தொழில் தலைமுறை தலைமுறையாக ஓடுவதை எந்த பாலன்ஸ் ஷீட்டிலும் பார்த்ததில்லை. தறி கட்டுப்படியாகிறது என்று எல்லோரும் நம்பியதே அம்மா கையை எண்ணாததால்தான்.

எங்கள் வீட்டு விசேஷமும் அல்ல இது. 2019-20-ல் எடுத்த நான்காவது அகில இந்தியக் கைத்தறிக் கணக்கெடுப்பில், நெசவாளர்களும் துணைத் தொழிலாளர்களும் சேர்ந்து 35 லட்சத்துக்குச் சற்று மேல். அதில் 72 சதவீதம் பெண்கள். கைத்தறிக் குடும்பங்களில் சுமார் மூன்றில் இரண்டு பங்குக்கு மாத வருமானம் 5,000 ரூபாய்க்குக் கீழே என்றும் அதே கணக்கெடுப்பு சொன்னது.

எழுதிக்கொண்டே வரும்போது இன்னொரு பேர் ஞாபகம் வந்தது. என் பேர். உடம்பு ஒரு கலர், பார்டர் வேறு கலர் என்று கோர்வை போட்டு நெய்யும்போது நாடா இரண்டு போதாது, மூன்று வேண்டும். ஒரு பக்கத்து நாடாவைத் தள்ள ஓர் ஆள் கூட உட்கார வேண்டும். பத்தாம் வகுப்பு வரை ஸ்கூல் விட்டு வந்ததும் அந்த ஆள் நான்தான். தெருவில் பையன்கள் கிரிக்கெட் ஆடும் சத்தம் கேட்கும். "அவுட்!" என்று கத்துவார்கள், நான் நாடாவைத் தள்ளுவேன். பிறகு ஒரு நாள் அப்பா, "நீ போய்ப் படி, நான் கோர்வை இல்லாத புடவையா வாங்கிக்கறேன்" என்றார். அதற்குக் கூலி குறைவு. என் காலேஜ் ஃபீஸ் இந்தக் குழியிலிருந்து வந்தது என்று தெரியும். இந்தக் கூலிக் குறைவும் அதோடு சேர்த்தி என்பது நோட்டுப் போட்டபோதுதான் உறைத்தது.

இந்த இடத்தில் உங்களை ஒரு நிமிஷம் வெளிநாட்டுக்குக் கூட்டிப்போகிறேன். இங்கிலாந்துக்கு மேற்கே ஒட்டினாற்போல் வேல்ஸ் என்று ஒரு தேசம். அதில் லனெத்லி என்று ஓர் ஊர். தகரத் தகடு செய்வதில் பேர் போன ஊர். 'டினோபோலிஸ்' என்றே பட்டப்பெயர். நம் கும்பகோணத்துக்குப் பாத்திரம் மாதிரி. அங்கே 1839-ல் ஒரு பீங்கான் பட்டறை ஆரம்பித்தார்கள். தட்டு, கிண்ணி, ஜாடி. 1922-ல் மூடிவிட்டார்கள். நூறு வருஷம் ஆகியும் அந்தப் பட்டறையின் தட்டுகளைத் தேடித் தேடி வாங்குகிறார்கள். ஊர் மியூசியத்தில் அடுக்கி வைத்திருக்கிறார்கள். அதிலும் நடுவில் சேவல் வரைந்த தட்டு என்றால் தனி கிராக்கி. அந்தச் சேவலை வரைந்தவர் சாரா ஜேன் ராபர்ட்ஸ் என்ற தொழிலாளி. ஊர்க்காரர்கள் அவரை 'சால் ஆன்ட்டி' என்று சொல்வார்கள்; நம் வழக்கில் சால் அத்தை. முதலாளி பேரை மறந்தவர்கள்கூட சால் அத்தையை மறக்கவில்லை.

இதைப் படித்தபோது எனக்குக் கொஞ்சம் பொறாமையாக இருந்தது. என் அம்மாவுக்குத் தெரிந்தவரை அப்பா நெய்த புடவைகளில் கல்யாணம் ஆன பெண்கள் சில நூறு பேராவது இருப்பார்கள். ஒருத்திக்கும் அப்பா பேர் தெரியாது. அட்டைப் பெட்டியில் கடை பேர், பையில் கடை பேர், விளம்பரத்தில் நடிகை. கும்பகோணத்துக்குக் கிழக்கே திருபுவனத்தில் நெசவாளர்களே 1955-ல் கூட்டுறவு சங்கம் ஆரம்பித்தார்கள். திருபுவனம் பட்டுக்கு 2019-ல் புவிசார் குறியீடும் வாங்கிவிட்டார்கள். நல்ல விஷயம், ஊர் பேர் ஏறியாயிற்று. ஆள் பேர் ஏற இன்னும் எத்தனை வருஷமோ.

தறி குறைந்ததற்கு வில்லன் யார் என்று கேட்பீர்கள். விசைத்தறி என்று சொல்லித் தப்பித்துக்கொள்ளலாம். சில வகைத் துணிகளைக் கைத்தறியில்தான் நெய்ய வேண்டும் என்று 1985-ல் பார்லிமெண்ட் சட்டம் போட்டிருக்கிறது. சட்டம் புஸ்தகத்தில் பத்திரமாக இருக்கிறது. கடைக்குப் போகிறவர்கள் சின்ன விஷயம் ஒன்றைக் கவனிக்கலாம்: 2004-ல் வந்த சில்க் மார்க் முத்திரை, நூல் சுத்தப் பட்டு என்பதற்குத்தான் சாட்சி. கையால் நெய்ததா என்பதை அது சொல்லாது. அதற்கு 2006-ல் வந்த கைத்தறி முத்திரை தனி. இரண்டையும் கேளுங்கள். சேல்ஸ்மேன் உங்களை ஒரு மாதிரி பார்ப்பான். பார்க்கட்டும்!

ஆனால் எங்கள் தெருவைக் காலி பண்ணியது விசைத்தறி மட்டுமில்லை. நாங்களேதான். என் வயதுப் பையன்களில் ஒருத்தன் திருப்பூரில், ஒருத்தன் துபாயில், இரண்டு பேர் பெங்களூரில், ஒருத்தன் (அடியேன்) சென்னையில் நெசவைப் பற்றிக் கட்டுரை எழுதுகிறான். தறியில் இருக்கும் மாப்பிள்ளைக்குப் பெண் கொடுப்பதில்லை. தறிக்காரர் வீட்டிலேயே கொடுப்பதில்லை! என் அக்காவுக்கு வரன் பார்க்கும்போது அம்மா போட்ட முதல் கண்டிஷன், "குழி இல்லாத வீடா இருக்கணும்."

ராத்திரி சாப்பாட்டுக்குப் பிறகு கூடத்தில் சபை கூடியது. அண்ணன், அண்ணி, அம்மா, நான். அப்பா தறிப் பக்கம், குழியில் காலைத் தொங்கவிட்டபடி. நெய்யாத நேரத்திலும் அவர் உட்காருவது அங்கேதான்.

கணக்கைப் படித்தேன். மொபைல் கடை வாடகை, தறியில் மாதம் வரும் கூலியில் முக்கால்வாசி. ஒருத்தரும் கையை அசைக்க வேண்டாம். அப்பாவுக்கு முட்டி வலி, கண் புரை ஆபரேஷன் ஆகி ஒரு வருஷம். இப்படி வரவு, செலவு, இதர விவரங்கள். ஆடிட்டர் ஆபீஸ் குரலிலேயே படித்தேன் போலிருக்கிறது; அண்ணி சிரித்துவிட்டாள்.

அப்பா வெகு நேரம் பேசவில்லை. அப்புறம் கேட்டார்: "குழியை மூடிட்டா காலை எங்கடா தொங்கவிடறது?"

யாரிடமும் பதில் இல்லை. பதினோரு வயதில் குழியில் இறங்கிய கால். நாற்காலியில் உட்கார்ந்தால் பத்து நிமிஷத்தில் மரத்துப்போகிறது என்பார்.

"வாடகை நல்லா வருதுப்பா..." என்று அண்ணன் இழுத்தான்.

அப்போதுதான் அம்மா ராட்டையை நிறுத்தினாள். அது நின்றதில்தான் அது வரைக்கும் ஓடிக்கொண்டிருந்ததே எங்களுக்குத் தெரிந்தது.

"தறி வேணுமா வேணாமான்னு அப்பறம் பேசுங்க. அது என்னடா, நாப்பத்தெட்டு மணி நேரம்னு எழுதியிருக்கியே என் பேர்ல. அதுக்கு யார் குடுப்பா?"

அண்ணன் சிரித்தான். வேறு யாரும் சிரிக்கவில்லை என்று பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டான்.

"இல்லம்மா, அது சும்மா கணக்குக்கு..." என்றேன்.

"கணக்குன்னா கணக்குதானே? நீதான படிச்சவன்? முப்பத்தெட்டு வருஷமா சுத்தறேன். சும்மா தார் சுத்தறான்னுதான் எல்லாரும் சொல்லியிருக்கீங்க. நான்கூட அப்படித்தான் நெனச்சிட்டிருந்தேன். நீ மணி போட்டுக் காட்டினப்பறம்தான் தெரியுது. எனக்கு ஒரு பதிலைச் சொல்லிட்டு மூடுங்க, தொறங்க, என்னவோ பண்ணுங்க."

அப்பா குழியிலிருந்து காலை எடுத்து மேலே வைத்து உட்கார்ந்தார். பிறகு, தறியில் பாவு இருக்கிறது, இன்னும் இரண்டு புடவை பாக்கி, அது முடிகிற வரைக்கும் மொபைல் கடைக்காரர் பொறுக்கட்டும் என்று சொல்லிவிட்டு விளக்கை அணைத்தார். அவ்வளவுதான் தீர்மானம்.

நான் சென்னைக்குத் திரும்பிவிட்டேன். ஒரு மாதம் ஆயிற்று. பன்னிரண்டு நாள் புடவை இருபது நாளைத் தாண்டியும் தறியிலேயே இருந்ததாக அண்ணன் போனில் புலம்பினான். "வேணும்னே பண்றார்டா!" கடைக்காரர் இரண்டு தடவை வந்து, குழியின் ஆழத்தை எட்டிப் பார்த்துவிட்டு, எத்தனை மூட்டை சிமெண்ட் ஆகும் என்று கேட்டுவிட்டுப் போயிருக்கிறார்.

போன வாரம் அம்மா போன் செய்தாள். புடவை எடை போட்டு, கூலி வந்துவிட்டதாம். அப்பா ஒன்றும் சொல்லாமல் ராட்டைக்குப் பக்கத்தில் ஒரு கவரை வைத்துவிட்டுப் போனாராம். உள்ளே பணம்.

"நல்லதும்மா. சந்தோஷம்தானே?"

"அதெல்லாம் இருக்கட்டும். நூத்தி எழுபத்தொண்ணுல நாப்பத்தெட்டுன்னா எவ்வளவுடா?"

கால்குலேட்டரைத் தட்டினேன். "இருபத்தெட்டு சதவீதம்மா."

மறுமுனையில் நோட்டு எண்ணும் சத்தம் கேட்டது. ஒரு தடவை. இன்னொரு தடவை.

"அப்போ குறையுதே" என்றாள்.